ஏடு ஓடுமா?

நியூயார்க்கை அடுத்த பெல்மாண்ட் திடலில், 1973-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 9-ஆம் நாள் ஐந்து குதிரைகள் ஓடின என்று பந்தயக் குறிப்பேடு கூறுகிறது. கண்டவர்களோ, ஒன்றே ஒன்றுதான் ஓடியது, மற்றவை எங்கோ தொலைவில் வந்துகொண்டிருந்தன என்பர். செவலை நிறம், மூன்று கால்களில் வெள்ளை, பெயர் செக்ரடேரியட். தலைமைச் செயலகம் என்று பொருள்படும் பெயர்தான். ஆனால், செயலகத்துக் கோப்பு நகரும் வேகத்தில் அது நகரவில்லை! ஒன்றரை மைல் தொலைவை 2 நிமிடம் 24 நொடியில் கடந்தது. அதற்கும் அடுத்து வந்த குதிரைக்கும் இடையே 31 குதிரை நீளம் இடைவெளி கிடந்தது. கென்டக்கி டெர்பி, பிரீக்னஸ், பெல்மாண்ட் என்னும் மூன்று பெரும் பந்தயங்களையும் ஒரே ஆண்டில் வென்று, 25 ஆண்டுகளாக எந்தக் குதிரையும் சூடாதிருந்த மும்முடியைச் சூடிக்கொண்டது. அரை நூற்றாண்டு கடந்த பின்னும் பெல்மாண்டின் அந்த 2 நிமிடம் 24 நொடி முறியடிக்கப்படவில்லை.

அன்றைய வெற்றிச் சீட்டுகளுள் 5,617 சீட்டுகள் பணமாக மாற்றப்படவே இல்லை. வென்ற பணத்தை வேண்டாம் என்று ஒதுக்கி, சீட்டை நினைவுச் சின்னமாக வைத்துக்கொண்டனர் மக்கள். 1989 அக்டோபர் 4-ஆம் நாள், குளம்பு நோயால் துன்புற்ற அக்குதிரையை மருத்துவர் கண்மூடச் செய்தனர். பெயர்பெற்ற குதிரை மாண்டால் தலை, இதயம், குளம்பு ஆகியவற்றை மட்டும் புதைப்பது அந்நாட்டுப் பண்ணைகளின் வழக்கம். இதற்கோ முழு உடலும் அடக்கம் செய்யப்பட்டது. 1999-இல் அஞ்சல் தலை, 2010-இல் திரைப்படம். கென்டக்கியில் உள்ள கிளெய்போர்ன் பண்ணைக் கல்லறையில் இன்றும் மலர் வைக்கிறார்கள் அன்பர்கள்.

இவர்களை நாம் எள்ளி நகையாடப் போவதில்லை. விரைவிலே அழகு காண்பதும், ஆற்றலைக் கண்டு வியப்பதும் மனித இயல்பு. குதிரைப் பந்தயம் குடிகெடுக்கும் சூது என்பது வேறு வழக்கு. அதை வேறொரு நாள் விசாரிப்போம். இன்று நாம் கூண்டில் ஏற்றுவது அன்பர்களின் மலரை அல்ல. மலரோடு சேர்த்து ஓதப்படுகிற மந்திரத்தை!

அந்த மந்திரம் என்ன? “இரத்தம்! எல்லாம் இரத்தம்!” தந்தை போல்ட் ரூலர், தந்தையின் தந்தை நஸ்ருல்லா, தாய் சம்திங்ராயல். இப்படியே ஏறிச் சென்றால், முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கிழக்கு நாடுகளிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட மூன்று ஆண் குதிரைகள். தரோபிரெட் என்னும் பந்தயக் குதிரைகளின் குலவழியைக் குறிக்க, 1791-இல் இங்கிலாந்தில் அச்சேறியது ஒரு குலப் பதிவேடு. “ஏட்டைப் பார், வெற்றியின் காரணம் விளங்கும்” என்கிறார்கள்.

கடல் கடந்த பண்ணையில் கிளம்பும் இப்பேச்சு நம் திண்ணைக்கு எப்படி வந்து சேருகிறது என்பதையும் காண்கிறோம். “பார்த்தீரா? குதிரைக்கே குலம் பார்க்கிறான் வெள்ளைக்காரன்! மனிதனுக்குப் பார்ப்பது மட்டும் மடமையா?” என்று மீசையை முறுக்குகிறார் ஒரு குலப்பெருமையார். விஞ்ஞானத்தைக் காலமெல்லாம் வெறுத்தவர், சாதிக்கு முட்டுக் கொடுக்க மட்டும் அதன் வாசற்படியை மிதிக்கிறார்! நன்று. குதிரையைச் சாட்சிக்கு அழைத்தவர் அவர். அந்தச் சாட்சியை நாமும் விசாரிப்போம். செக்ரடேரியட்டே வந்து சொல்லட்டும்.

முதற் சாட்சியம், உடன்பிறப்பு. போல்ட் ரூலரின் உரிமையாளரான பிப்ஸ் குடும்பத்தார் சினைக்குப் பணம் வாங்குவதில்லை. பிறக்கும் குட்டிகளில் பங்கு கேட்பர். யார் முதலில் தெரிவு செய்வது என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்வர். 1969-இல் சுண்டினார்கள். வென்றவருக்கு அவ்வாண்டுக் குட்டிகளில் முதல் தெரிவு. தோற்றவருக்கு மறு ஆண்டில் முதல் தெரிவு. மறு ஆண்டில் பிறக்க இருந்ததோ ஒரே குட்டி! வென்ற ஆக்டன் பிப்ஸ், சம்திங்ராயல் ஈன்ற பெண் குட்டியை எடுத்துக்கொண்டார். அதன் பெயர் தி பிரைட், அதாவது மணமகள். தோற்ற பென்னி செனரிக்குக் கிடைத்தது, இன்னும் தாய் வயிற்றில் இருந்த கரு. 1970 மார்ச் 30-ஆம் நாள் அது பிறந்தது. அதுதான் செக்ரடேரியட்.

அதே தந்தை, அதே தாய், அதே குலவழி, ஏட்டிலே எழுதினால் எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஆனால், மணமகள் பந்தயத்தில் ஒரு முறை கூட வெல்லவில்லை! குலம் பார்க்கத் தெரிந்தவர், பரம்பரையாகக் குதிரை வளர்த்தவர், ஏட்டைக் கரைத்துக் குடித்தவர் கையில் எடுத்தது அதை. நாணயம் தள்ளிவிட்டது காலத்தால் அழியாத குதிரையை. ஏடு இரண்டையும் ஒன்றென்றது. தடம் அல்லவா வேறென்று காட்டிற்று?

இரண்டாம் சாட்சியம், பிள்ளைகள். மும்முடி சூடுவதற்கு முன்பே, 1973 பிப்ரவரியில், அதன் சினையுரிமையை 32 பங்குகளாக்கி, பங்கு ஒன்று 190,000 டாலர் என விற்றார்கள்; மொத்தம் 60 லட்சத்து 80 ஆயிரம் டாலர். இரத்தத்தின் விலை! அதன் குட்டியான கனேடியன் பவுண்ட் 1976-இல் ஏலத்துக்கு வந்தது. ஓராண்டுக் குட்டி ஒன்று 10 லட்சம் டாலரைத் தாண்டி விலைபோனது அதுவே முதன்முறை. 15 லட்சம் கொடுத்தார்கள். குட்டி வளர்ந்தது, ஓடியது, ஒரு பந்தயத்தையும் வெல்லவில்லை. பதினைந்து லட்சமும் ஏட்டுக்குக் கொடுத்த காணிக்கையாயிற்று!

பிள்ளைகள் அனைத்தும் சோடை என்று சொல்லமாட்டோம், அது பொய்யாகும். 1988-இல் பிரீக்னஸையும் பெல்மாண்டையும் வென்ற ரைசன் ஸ்டார் அதன் மகன். 1986-இல் ஆண்டின் சிறந்த குதிரை என்ற பட்டம் பெற்ற லேடிஸ் சீக்ரெட் அதன் மகள். ஆனால் அறுநூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளில் தந்தைக்கு நிகராக ஒன்றும் ஓடவில்லை. “இனப்பெருக்கத்தில் தோற்ற குதிரை” என்று சந்தைக்காரர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். எதைக் கொண்டு அந்தத் தீர்ப்பு? ஆண் வாரிசுகள் பெரும் தந்தைக் குதிரைகளாக விளங்கவில்லையாம்!

இங்கேதான் மூன்றாம் சாட்சியம் வருகிறது: பெண் மக்கள். செக்ரடேரியட்டின் மகள் வீக்எண்ட் சர்ப்ரைஸ் ஈன்ற மகன் ஏ.பி. இண்டி, 1992-இல் பெல்மாண்டை வென்றது. இன்னொரு மகள் டெர்லிங்குவா ஈன்ற மகன் ஸ்டார்ம் கேட். ஒரு சினைக்கு 5 லட்சம் டாலர் வரை அதற்குக் கட்டணம் கொடுக்கப்பட்டது. 1992-இல் வட அமெரிக்காவில், தாய்க் குதிரைகளின் தந்தை என்ற வரிசையில் முதலிடம் பெற்றது, மாண்டு மூன்றாண்டாகியிருந்த செக்ரடேரியட். மகனைத் தேடித் தேடிக் கண் பூத்தவர்கள், தொழுவத்தில் நின்ற மகளைக் காணவில்லை! ஆண்வழியே குலம், பெண்வழி வெறும் கொட்டில் என்ற கணக்கு, குதிரையின் முன்னேயே குப்புற விழுந்தது. “ஆண் வாரிசு இல்லையே” என்று அங்கலாய்க்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இக்கதையைச் சொல்லுங்கள், தோழர்களே!

இன்னும் ஒன்று கேளுங்கள். அந்தப் பேரர்களின் பெருமை பாட்டனுக்கு மட்டுமே உரியதா? ஏ.பி. இண்டியின் தந்தை யார்? சியாட்டில் ஸ்லூ. 1975-இல் 17,500 டாலருக்கு விலைபோன குட்டி அது. 1977-இல் மும்முடி சூடியது. ஸ்டார்ம் கேட்டின் தந்தைவழிப் பாட்டன் யார்? நார்தர்ன் டான்சர். குட்டியாக இருந்தபோது 25,000 டாலருக்குக் கொள்வாரின்றித் திரும்பிய குள்ளக் குதிரை அது! 1964-இல் கென்டக்கி டெர்பியை 2 நிமிடத்தில் ஓடி வென்றது. அந்த நேரத்தை முறியடிக்கத்தான் 1973-இல் செக்ரடேரியட் வரவேண்டியிருந்தது. ஆக, ‘உயர் குருதியின் மரபு’ என்று இன்று கொண்டாடப்படுவது, சந்தை மலிவாக மதித்ததும் வேண்டாமென்று தள்ளியதும் கலந்து நின்று விளைத்த விளைச்சல். ஏலக்காரரின் மதிப்பு அன்று ஒன்று. குதிரையின் கால் எழுதிய தீர்ப்பு மற்றொன்று.

“அப்படியானால் மரபே இல்லை என்கிறீரா?” என்று குலப்பெருமையார் குறுக்கிடுவார். இல்லை ஐயா, அப்படிச் சொல்லவில்லை. பெற்றோரின் கூறுகள் பிள்ளைக்கு வருகின்றன. விஞ்ஞானம் அதை மறுக்கவில்லை, பகுத்தறிவாளரும் மறுப்பதில்லை. ஆனால், எந்தக் கூறு வரும், எது வராது, எதனோடு எது கூடும் என்பதை ஒவ்வொரு பிறப்பும் புதிதாகக் குலுக்கிப் போடுகிறது. எனவேதான், தன் குதிரையின் பரம்பரையைப் பத்துத் தலைமுறை ஒப்பிக்கும் உரிமையாளன் கூட, இறுதியில் அதைத் தடத்திலே நிறுத்திக் கடிகாரத்தைக் கையில் எடுக்கிறான். செக்ரடேரியட்டே தன் முதற் பந்தயத்தில் நான்காவதாகத்தான் வந்தது. ஓடிய 21 பந்தயங்களில் 16-இல் வென்றது; மற்றவற்றில் வெல்லவில்லை. “போல்ட் ரூலரின் மகன் ஆயிற்றே, ஓடாமலே பரிசைக் கொடுத்துவிடுவோம்” என்று எந்த நடுவரும் சொல்லவில்லை!

நம் குலப்பெருமையாரின் முறையோ என்ன? ஓட்டம் இல்லை, பரிசு உண்டு! தடத்தின் வாயிலை அடைத்துவிட்டு, பாதிப் பேரை வெளியே நிறுத்திவிட்டு, “பார், இவர்கள் ஓடவே இல்லை” என்று ஏளனம் செய்வது! குதிரைப் பந்தயக்காரனுக்கு இருக்கும் நேர்மையில் பத்தில் ஒரு பங்கு வருணக் காவலர்களுக்கு இருந்திருந்தால், வரலாறு வேறு விதமாக இருந்திருக்கும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. குதிரைக்கு ஒரே தேர்வு: ஓட்டம். அன்பு, அறிவு, கலை, நீதி, தோழமை என்று ஆயிரம் களம் உடைய மனிதனை எந்தக் கடிகாரத்தால் அளப்பது? குதிரையை யாரோடு கூட்டுவது என்று முடிவு செய்பவன் அதன் உரிமையாளன். மனிதனுக்கு உரிமையாளன் யார்? மனிதரைப் பார்த்து ‘நல்ல இனம், தாழ்ந்த இனம்’ என்று பேசுகிறவன், தன்னை மற்றவர்களின் உரிமையாளனாகத் தானே நியமித்துக்கொண்டவன் அல்லவா?

ஏட்டு வழிபாடு எவ்வளவு கண்ணை மறைக்கும் என்பதற்குக் குதிரை உலகிலேயே சான்று கிடக்கிறது. 1913-இல் இங்கிலாந்தின் பதிவேட்டினர் ஒரு விதி செய்தனர். ஜெர்சி சட்டம் என்பது அதன் வழக்குப் பெயர். முன்னைய தொகுதிகளில் பெயருள்ள மூதாதையரைக் குறையின்றிக் காட்ட முடியாத குதிரை, கலப்பு என ஒதுக்கப்படும். அமெரிக்கக் குதிரைகள் பெருமளவில் தீட்டுப்பட்டன. அமெரிக்கா கண்ட மாபெரும் குதிரைகளுள் ஒன்றான மேன் ஓ வார் கூட அந்த ஏட்டின்படி அரைச்சாதி! பிறகு என்ன நடந்தது? ‘கலப்பு’கள் கடல் கடந்து வந்து ‘தூய்மை’களைத் தோற்கடித்தன. 1948-இல் அமெரிக்காவில் பிறந்த பிளாக் டார்க்குவின், இங்கிலாந்தின் செயின்ட் லெஜர் பந்தயத்தையே வென்றது. 1949-இல் விதி நீக்கப்பட்டது. ஏடு மனம் திருந்தி நீக்கவில்லை. குளம்படியைத் தாங்கமாட்டாமல் நீக்கியது!

தூய்மை வேட்கைக்குக் கொடுக்கும் விலையும் சிறிதன்று. பல நாடுகளைச் சேர்ந்த 10,000-க்கு மேற்பட்ட தரோபிரெட் குதிரைகளின் மரபணுக்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2020-இல் வெளிவந்தது. அவற்றுள் நூற்றுக்கு 97 குதிரைகளின் குலவழியில் நார்தர்ன் டான்சர் நிற்கிறது என்றும், நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் கூடிக்கொண்டே வருகிறது என்றும் அது எச்சரித்தது. ஓர் ஆண் குதிரையோடு ஆண்டுக்கு 140 பெண் குதிரைகளுக்கு மேல் கூட்டக்கூடாது என்று அமெரிக்க ஜாக்கி கிளப் 2020-இல் வரம்பிட்டது. பெரும் பண்ணையார்கள் வழக்கு மன்றம் ஏறினர். 2022-இல் வரம்பு கைவிடப்பட்டது. அன்று யாரும் வாங்காத குள்ளனின் குருதியை இன்று யாவரும் வாங்குகின்றனர். அன்றும் கண்மூடி, இன்றும் கண்மூடி!

அன்பர்கள் போற்றும் இதயக் கதையையும் சொல்லிவிடுவோம். செக்ரடேரியட்டின் இதயம் 22 பவுண்டு எடை என்றும், சாதாரணக் குதிரை இதயத்தைப் போல் இரு மடங்குக்கு மேல் என்றும் மெய்சிலிர்க்கப் பேசுகிறார்கள். உடலை அறுத்துப் பார்த்த மருத்துவர் இதயம் பெரியது என்று கண்டார்; ஆனால் தராசில் நிறுத்தவில்லை. 22 பவுண்டு என்பது கண் மதிப்பு. அந்தக் கண் மதிப்பின்மேல், தாய்வழியாக வரும் பேரிதயம் என்று குலக்கதை ஒன்றைக் கட்டி எழுப்பினார்கள். புராணம் பிறப்பதற்குப் பழங்காலம்தான் வேண்டுமென்பதில்லை; தராசைத் தொடாத கை இருந்தால் போதும்!

ஏடு எழுத மறந்த கைகள் சில உண்டு. அக்குதிரையைத் தேய்த்து, குளிப்பாட்டி, தீனி வைத்து, அருகிலேயே கிடந்து காத்தவர் எடி ஸ்வெட். தென் கரோலைனாவின் கறுப்பின உழவர் குடும்பத்தில் 1939-இல் பிறந்தவர்; குதிரையால் கோடிகள் குவிந்த உலகில், செல்வம் சேராமலே 1998-இல் மறைந்தவர். மும்முடிப் பந்தயங்களில் ஏறி ஓட்டியவர் ரான் டர்காட். கனடா நாட்டு மரம்வெட்டியின் மகன், தாமும் காட்டில் மரம் வெட்டியவர். 1978-இல் பந்தயத்தில் விழுந்து கால்கள் செயலிழந்தவர். உடன்பிறந்தோர் விற்றுவிடலாம் என்ற பண்ணையை விடாப்பிடியாகக் காத்தவர் பென்னி செனரி என்ற பெண். இவர்களுள் யாருடைய இரத்தம் அந்தக் குலப் பதிவேட்டில் இருக்கிறது? இவர்கள் இல்லையேல் அந்த 31 குதிரை நீளம் இருந்திருக்குமா? கென்டக்கிக் குதிரைப் பூங்காவின் வெண்கலச் சிலையில் ஸ்வெட்டும் டர்காட்டும் குதிரையோடு நிற்கின்றனர். சிற்பி அறிந்ததைச் சந்தை அறியவில்லை.

இறுதியாக ஒரு செய்தி. செக்ரடேரியட் பிறந்த மெடோ பண்ணை எங்கிருக்கிறது? வர்ஜீனியா மாநிலம், கரோலைன் மாவட்டம். அந்த மாநிலம் 1924-இல் இனத் தூய்மைச் சட்டம் ஒன்றை இயற்றியது. பிறக்கும் குழந்தையின் இனத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். வெள்ளையர் பிறரை மணப்பது குற்றம்! அதே ஆண்டில், ‘தகுதியற்றோர்’ என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யவும் சட்டம் செய்தது. 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அதற்கு ஒப்புதல் அளித்தது. ஆயிரக்கணக்கானோர் கத்திக்கு இரையாயினர். 2002-இல்தான் ஆளுநர் வருத்தம் தெரிவித்தார். குதிரைக் கொட்டிலின் கணக்கை மனிதர் வீட்டுக்குள் கொண்டுவந்ததன் விளைவு அது.

அதே கரோலைன் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள்தாம் ரிச்சர்ட் லவிங்கும் மில்ட்ரெட்டும். அவர் வெள்ளையர், அம்மையார் கறுப்பினமும் செவ்விந்தியரும் கலந்த குடியினர். 1958-இல் தலைநகர் வாஷிங்டனில் மணம் செய்துகொண்டு ஊர் திரும்பினர். இரவில் காவலர் வீடு புகுந்து கைது செய்தனர். 1959-இல் நீதிபதி ஓராண்டுச் சிறை விதித்து, 25 ஆண்டுகள் மாநிலத்தை விட்டு நீங்கியிருந்தால் சிறை வேண்டாம் என்றார். காதலுக்கு நாடுகடத்தல்! அவர்கள் போராடினர். 1967 ஜூன் 12-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் அனைவரும் ஒருமித்து, அந்தச் சட்டத்தைத் தகர்த்தெறிந்தது. அதற்கு மூன்றாண்டுகள் கூட நிறையாத நிலையில், அதே மாவட்டத்துக் கொட்டிலில் பிறந்தது அந்தச் செவலைக் குட்டி.

தோழர்களே! இரு ஏடுகள் ஒரு மாவட்டத்தில் இருந்தன. ஒன்று குதிரைக்கு, மற்றொன்று மனிதனுக்கு. குதிரையின் ஏட்டைத் தடம் ஒவ்வொரு தலைமுறையும் சோதித்தது. மனிதனின் ஏட்டைச் சோதிக்க ஓர் ஏழைக் கொத்தனும் அவன் மனைவியும் ஒன்பது ஆண்டுகள் துன்புற வேண்டியிருந்தது. நம் நாட்டிலோ அந்த இரண்டாம் ஏடு அச்சிலே இல்லை, நெஞ்சிலே இருக்கிறது. மணமகன் தேவை விளம்பரத்தில் இருக்கிறது. சாதகக் கட்டில் இருக்கிறது. காதலித்த பிள்ளைகளைக் கொன்றுவிட்டு ‘மானம்’ என்று பெயரிடும் கையிலே இருக்கிறது.

ஆகவே, குதிரையைக் காட்டிக் குலம் பேச வருகிறவரிடம் நாம் சொல்வோம்: செக்ரடேரியட்டை நினைவுகூருங்கள்; மலர் வையுங்கள்; அந்த 2 நிமிடம் 24 நொடியைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கூடவே மணமகள் ஓடித் தோற்றதையும், பதினைந்து லட்சம் பாழானதையும், எவரும் வாங்காத குள்ளன் உலகாண்டதையும், ஸ்வெட்டின் கைகளையும் சொல்லுங்கள். அத்தனையும் சொன்ன பிறகும் குலப்பெருமை பேச நா எழுமானால், உங்கள் குல ஏட்டைக் கொண்டுவந்து தடத்திலே வையுங்கள். வாயிலை எல்லோருக்கும் திறந்துவிட்டு, கடிகாரத்தோடு நாங்கள் காத்திருக்கிறோம்.